வரதன் ஏன் மாம்பழத்தைத் தின்னவில்லை?

படக்கதை போட வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் என்னைப் பார்த்தவுடன் கேட்பது நிப்பு எது, மை எது, தாள் எங்கே கிடைக்கும் என்றுதான். அதைக் கடைக்காரனே சொல்லிவிடுவான். ஒரு மாம்பழக் கூடையைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் ஓய்வு பெறும்வரை இந்தத் தொழிலில் சோறு தின்றது அந்தக் கூடையால்தான். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், உட்காருங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். நான் உத்திரமேரூரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் பிள்ளைகளுக்கான படக்கதைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து நாலு படம் அனுப்பினேன், பிடித்துக்கொண்டார்கள். கதையின் பெயர் 'வள்ளியும் வரதனும்'. அக்கா வள்ளி, தம்பி வரதன். வாரம் ஒரு பக்கம். படத்தைச் சுருட்டி மெட்ராஸ் போகும் பஸ்ஸில் கண்டக்டர் ஏகாம்பரத்திடம் கொடுத்துவிட்டால் அவர் பத்திரிகை ஆபீஸில் சேர்த்துவிடுவார். வியாழக்கிழமை அதே பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும்.

பலகை எழுதும் வேலையை விட்டுவிட்டேன். ஊரில் எல்லோரும் 'ஆர்ட்டிஸ்ட்டு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், தலை கால் புரியவில்லை எனக்கு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் வரதன் தலைமுடி கலையாதவன். வள்ளி பாவாடையில் சேறு படாதவள். இருவரும் காலையில் எழுந்து பெரியவர்களைக் கும்பிட்டு, வழியில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவார்கள். ஒவ்வொரு கதை முடியும்போதும் கடைசிக் கட்டத்தில் ஒரு நீதி இருக்கும். 'உண்மையே உயர்வு தரும்', 'பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே', இப்படி. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பஸ் நிற்கும் இடத்தில் மாசிலாமணியின் பெட்டிக்கடை. பத்திரிகைக் கட்டு அங்கேதான் இறங்கும். மாசிலாமணி கயிற்றை அறுத்து முதல் பிரதியை விரித்து என் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். எழுத்துத் தெரியாதவர்களுக்காக என்று சொல்லுவார், உண்மையில் அவருக்கு அவர் குரல் பிடிக்கும். பெரிய மீசை, பெரிய குரல். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், நெல் மூட்டை ஏற்ற வந்த வண்டிக்காரர்கள், கூலி வேலை முடிந்து திரும்புகிறவர்கள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். படித்து முடித்ததும் சண்டை தொடங்கும். சண்டைக்கு எப்போதும் ஒரே தலைப்புதான்: பிள்ளைகள் இப்படித்தான் இருக்குமா?

இருக்காது என்ற கட்சிக்குத் தலைவர் நர்சம்மா எஸ்தர். ஊருக்கு ஊர் நடந்துபோய்ப் பிரசவம் பார்ப்பவர். சாலவாக்கம் வரைக்கும் அவர் கை பட்டுப் பிறந்த பிள்ளைகள்தான். மாம்பழக் கதையின் முதல் பகுதி வந்த வியாழக்கிழமை அவரும் கூட்டத்தில் நின்றார். கதை இதுதான்: ஏரிக்கரையில் ஆள் இல்லாமல் ஒரு கூடை மாம்பழம் இருக்கிறது. வள்ளியும் வரதனும் அதைப் பார்க்கிறார்கள். வரதன் கையை நீட்டுகிறான். மீதி அடுத்த வாரம்.

"அடுத்த வாரம் இன்னா ஆவும்னு நான் இப்பவே சொல்றேன்" என்றார் எஸ்தர். "வள்ளி புத்தி சொல்லுவா. ரெண்டும் கூடைய தூக்கினு போயி மணியக்காரர் வூட்ல வெச்சிட்டு கும்புடு போட்டுட்டு வரும். எத்தினி புள்ளிங்கள இந்தக் கையால எட்த்துருக்கேன், ஒன்னாவது இந்த வரதன் மாரி பொறந்துகீதா? கீய உய்ந்தா அய மாட்டான், அடிச்சா திருப்பி அடிக்க மாட்டான். இன்னா புள்ள இது? ஒடம்பு கிடம்பு சரியில்லியா அதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்ன முடிவைத்தான் நான் வரைந்து முடித்து வீட்டில் வைத்திருந்தேன், மணியக்காரர் வீடு உட்பட.

"படம்னா நல்லத காட்டணும் நர்சம்மா" என்றார் மாசிலாமணி. "என் புள்ள இந்த வரதன பாத்துதான் காலைல பல்லு வெளக்கறான்."

"கூப்புடு உன் புள்ளைய, பல்ல பாக்கலாம்."

மாசிலாமணி பிள்ளையைக் கூப்பிடவில்லை. அந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சேதி சொன்னார். "ஆசிரியர் சொல்லி அனுப்பிச்சாரு. புள்ளிங்க புள்ளிங்க மாரி இல்லன்னு எல்லா ஊர்லேந்தும் சொல்றாங்களாம். மாம்பயக் கதையோட கடைசிப் படத்தப் பாத்துட்டு முடிவு பண்றாராம். பழய மாரியே இருந்தா அதோட நிறுத்திடுவாராம். சனிக்கெய்ம சாய்ங்கால வண்டிக்கு படம் வந்துடணுமாம்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஒரு பக்கம்தான் என் சோறு, என் பேர். தூரிகையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏணி ஏறி 'இங்கு நயமான அரிசி கிடைக்கும்' என்று எழுதப் போக வேண்டியதுதான். ஏகாம்பரம் மெதுவாகப் பேசத் தெரியாதவர். அவர் தனியே சொன்ன சேதி பஸ் கிளம்புமுன் கடை முழுக்கப் பரவிவிட்டது.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை வந்தது. வேறு ஊராக இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் ஆசிரியரைத் திட்டியிருப்பார்கள். இவர்கள், "அப்போ போட்டுப் பாத்துட்டா தெரிஞ்சிபூடுது" என்றார்கள். நிஜமாகவே ஏரிக்கரையில் ஒரு கூடை மாம்பழம் வைப்பது. மறைந்திருந்து பார்ப்பது. பிள்ளைகள் என்ன செய்கிறதோ அதுதான் கதை.

வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் பழத்தைத் தொடாது என்றார் மாசிலாமணி. ஒன்றாவது உள்ளே போகும் என்றார் எஸ்தர். போனால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றார் அவர். போகாவிட்டால் இனி வரதனைப் பற்றி வாயே திறப்பதில்லை என்றார் இவர். கூட்டத்தில் பாதிப்பேர் இரண்டாவதைத்தான் நம்பவில்லை.

மாசிலாமணி கூடையைச் சனிக்கிழமை காலையிலேயே வைக்கலாம் என்றார். எஸ்தர் ஒப்புக்கொள்ளவில்லை.

"காலைல பாதிப் புள்ளிங்க வெறும் வயித்தோட சுத்திகினு இருக்கும். பசிச்ச புள்ள முன்னால பயத்த வெச்சா அது புள்ள கொணத்துக்கு வெக்கிற பரீட்ச இல்ல, வயித்துக்கு வெக்கிற பரீட்ச. மத்தியானம் கூய் குட்ச்சிட்டு வரட்டும். அப்பறம் வெய்யி."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வைத்து எதைச் செய்தாலும் முதலில் அவர்கள் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். நம் தொழிலில் பாதிப்பேர் பசியைக் குறும்பு என்று வரைந்துவிடுகிறார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். கோடை விடுமுறை, ஏரி வற்றிக் கிடந்தது, மாடு ஆடு எல்லாம் ஏரிக்குள். மாசிலாமணி தன் கடைப் பழத்தையே ஒரு கூடை கொண்டுவந்து கரையில் பூவரச மரத்தடியில் வைத்தார். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கலங்கல் பக்கத்திலேயே இருந்தது. அதன் கட்டைச் சுவருக்குப் பின்னால் மாசிலாமணி, எஸ்தர், நான் மூவரும் உட்கார்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

முதலில் வந்தது கன்னியம்மா. அறுவடைக் கூலிக்குப் போகும் வீட்டுப் பெண், ஏழெட்டு வயதிருக்கும். இடுப்பில் தம்பி. கூடையைப் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். தம்பியை இறக்கிவிட்டுக் கூடைக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அசையவில்லை.

"பாத்தியா, காவலுக்கு ஒக்காந்துட்டா" என்று மாசிலாமணி என் காதில் ஊதினார். "அசல் வள்ளி."

"இரு, இரு" என்றார் எஸ்தர்.

கன்னியம்மா நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். ஏரிக்குள் ஆடு பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து வாயருகே கையைக் குவித்துக் கத்தினாள்.

"மாம்பயம்... மாம்பயோய்..."

ஒரு கூட்டமே ஓடி வந்தது. அதில் நிலபுலம் உள்ள வீட்டுப் பேரன் சம்பந்தமும் இருந்தான். அவள் கூடைக்குப் பின்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து கடை வைத்துவிட்டாள். பூவரச இலைதான் காசு. தராசு அவள் இரண்டு கைகள். ஒரு கையில் பழம், ஒரு கையில் கல். இரண்டையும் ஏற்றி இறக்கி, கண்ணைச் சுருக்கி, மாசிலாமணி செய்வது போலவே உதட்டைப் பிதுக்கினாள். சுவருக்குப் பின்னால் மாசிலாமணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தம் வரிசையைத் தாண்டி நேராக முன்னே வந்தான். அவன் வீட்டில் அவன் எதற்கும் வரிசையில் நின்றதில்லை.

"பின்னால போ" என்றாள் கன்னியம்மா.

போனான். அவன் முறை வந்ததும் இலையை நீட்டினான். அவள் அதைத் தூக்கி வெயிலில் பார்த்தாள்.

"கீஞ்ச நோட்டு செல்லாது. வேற கொண்டா."

அவன் போய் வேறு இலை பறித்துக்கொண்டு வந்தான். பழத்தை வாங்கிக்கொண்டு, மணலில் கோடு போட்ட 'வூட்டுக்கு'ப் போய், தின்பது போல வாயை அசைத்துவிட்டு, திரும்ப வந்து, அழுகல் என்று பழத்தைக் கூடையில் போட்டான். "அய்கல். மாத்திக் குடு."

"துன்னுட்டு அய்கல்ன்றியா?"

அவ்வளவுதான், சண்டை. இலையெல்லாம் பறந்தது. ஒருத்தன் போலீஸாக மாறினான், இன்னொருத்தி அழுதாள், பழம் மட்டும் பத்திரமாகக் கூடைக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது. பழம் தீர்ந்தால் கடை முடிந்துவிடும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

இத்தனை நாள் இந்த ஏரிக்கரை வழியாகத்தானே போய் வந்தேன்? கண்ணை எங்கே வைத்திருந்தேன்? திருடுமா, திருடாதா என்று பெரியவர்கள் நாங்கள் இரண்டு கட்சி கட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை. கூடை கிடைத்தது, ஆகவே கடை.

மாசிலாமணியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து நேரே போய், "இது என் கூட" என்றார்.

கன்னியம்மா அண்ணாந்து பார்த்தாள். "எல கீதா?"

தம்பிகளே, அந்த மீசைக்காரர், தன் சொந்தக் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டு, குனிந்து, கீழே கிடந்த ஒரு பூவரச இலையை எடுத்தார். கிழிந்திருக்கிறதா என்றும் பார்த்தார். நான் அங்கிருந்து ஓட ஆரம்பித்துவிட்டேன், படம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குப் போய் மை, தூரிகை, தாள் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தபோது பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. மாசிலாமணி பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார். எஸ்தர் மைப் புட்டியைப் பிடித்துக்கொண்டார். வரைய ஆரம்பித்தேன். டிரைவர் ஹாரனில் கை வைத்தால் எடுக்கமாட்டார். அது ஒரு பக்கம் அலற, ஏகாம்பரம் என் தலைமேல் நின்றார்.

"அந்த மொதல்ல வரைஞ்ச படம் ரெடியாதானே கீது? அத்தயே குட்த்துடேன். ஒரே பேஜாரா கீது எனக்கு."

"ரெண்டையும் அனுப்பிடு" என்றார் மாசிலாமணி. "அவரே பாத்து எடுத்துக்குவாரு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இந்த நிமிஷம் வரும். இரண்டு படம் அனுப்புவது புத்திசாலித்தனம் போலத் தெரியும். அது நம் முடிவை இன்னொருவர் தலையில் கட்டுவது. இரண்டில் எது பிள்ளை என்று எனக்கே நிச்சயம் இல்லை என்றால், நாங்கள் மூன்று பேர் அந்த வெயிலில் எதற்கு உட்கார்ந்தோம்? முடியாது என்றேன். பழைய பக்கத்தை எடுத்து மாசிலாமணி கையில் கொடுத்து, மை காய விசிறச் சொன்னேன். அந்தக் காரியத்துக்கு அது நன்றாகவே உதவியது.

ஏரியை விட்டேன், கரையை விட்டேன், பூவரச மரத்தையும் விட்டேன். எதற்கும் நேரமில்லை. பிள்ளைகள், கூடை, இலை, அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். நேரமாகிறது என்று திட்ட இறங்கியவர்கள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அந்தப் பையன் இன்னும் கோவமா பாக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். "எங்க வூட்ல ஒன்னு கீது, இதே மூஞ்சி" என்றாள் பழையசீவரம் போகும் ஒரு அம்மா. தூக்கத்தில் இருந்த தன் பெண்ணை எழுப்பிக் காட்டினாள். அந்தப் பெண்ணின் முறைப்பு அப்படியே என் வள்ளிக்குப் போனது. ஹாரன் நின்றுவிட்டதைக் கவனித்து நிமிர்ந்தால் டிரைவரும் என் பக்கத்தில் நிற்கிறார்.

கடைசிக் கட்டம் பாக்கி. நீதி எழுதும் கட்டம். எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பகிர்ந்து விளையாடு' என்று எழுதலாமா? 'உழைத்து உண்' என்றா? எது எழுதினாலும் கன்னியம்மா "கீஞ்ச நோட்டு செல்லாது" என்று சொல்லுவாள் போலிருந்தது. நீதி இல்லாமல் ஒரு பக்கத்தையும் அந்த ஆசிரியர் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஏற்கெனவே நிறுத்துகிறேன் என்றவருக்கு நானே காரணம் எடுத்துக் கொடுக்கிறேன். இருக்கட்டும் என்று கட்டத்தைச் சும்மா விட்டுச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வரை நான் மனுஷனாக இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். அன்று கட்டு இறங்கியபோது கயிற்றை அறுக்க மாசிலாமணிக்கே கை வரவில்லை, எஸ்தர் பிடுங்கி அறுத்தார். பக்கம் இருந்தது. கன்னியம்மா வள்ளியாக, சம்பந்தம் வரதனாக, மீசைக்காரர் மீசைக்காரராகவே. நான் சும்மா விட்ட கடைசிக் கட்டத்தில் ஆசிரியர் அச்செழுத்தில் ஒரு வரி கோத்திருந்தார்: 'வள்ளியும் வரதனும் அடுத்த வாரமும் வருவார்கள்.'

வெட்கம் பார்க்காமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன். வண்டிக்காரர்கள் என்னைத் தூக்கி மூட்டைமேல் உட்கார வைத்தார்கள். மாசிலாமணி கடையில் இருந்த கடலை மிட்டாயெல்லாம் காலி. அந்த ஆரவாரத்தில் பந்தயத்தை அவர் மறக்கவில்லை. "நாங்க மூணு பேரும் பாத்தோம், ஒரு பயம் கூட உள்ள போவல" என்று மீசையைத் தடவிக்கொண்டார். எஸ்தர் அறுந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

கூட்டத்தில் கன்னியம்மாவும் நின்றாள், இடுப்பில் தம்பியோடு. மாசிலாமணி பெருந்தன்மையாக அவளைக் கூப்பிட்டு, பக்கத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டிப் படித்தார். அவள் முகம் சுளித்தது.

"இது தப்பு" என்றாள்.

"இன்னா தப்பு?" என்றேன் நான்.

"மொதல்ல நான் ஒன்னு துன்னேனே. அத்த ஏன் போடல?"

எஸ்தர் மெல்ல முன்னால் வந்தார். "எப்போ துன்ன கண்ணு?"

"கூட முன்னால ஒக்காந்தப்போ. தம்பிக்கும் பாதி குட்த்தேன்." எங்கள் எல்லோரையும் பார்த்து, இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில் சொன்னாள். "இனிக்குதா இன்னான்னு பாக்காம எப்டி விக்கறது?"

எஸ்தர் மாசிலாமணியின் மீசையைப் பார்த்தார். ஊரே பார்த்தது. மாசிலாமணி மீசையைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"ருசி பாக்கறது துன்றதுல வராது. யாவாரம் அது. நான்கூட தெனமும் பாத்துட்டுதான் விக்கறேன்."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். எஸ்தர் விடவில்லை, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ருசி பார்ப்பது தின்பதா இல்லையா என்ற அந்த வழக்கு நான் ஊரைவிட்டு வரும்வரை தீரவில்லை. வரதனைப் பற்றி வாதாட வந்தவர்கள் கன்னியம்மாவைப் பற்றி வாதாட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. மூன்று பெரியவர்கள் கண் கொட்டாமல் பார்த்தோம், எங்களுக்குத் தெரிந்தது முதுகு. முதுகைப் பார்த்துவிட்டு ஒருவர் காவல் என்றார், நானும் தலையாட்டினேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் தொழில் ரகசியம் இவ்வளவுதான்: பிள்ளைகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கொஞ்சம் முதுகுதான் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தை நீங்களாக முகம் போட்டு நிரப்பாதீர்கள்.

அடுத்த வாரம் மாம்பழக் கதையையே நீட்டினேன். முதல் கட்டத்தில் வள்ளி கூடைக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தம்பி. பஸ்ஸில் ஏற்றுமுன் அந்தப் படத்தைக் கன்னியம்மாவிடம் காட்டினேன். எந்த ஆசிரியருக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. அவள் தாளை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"அந்தாண்ட பக்கம் இவ இன்னா பண்ணிகினு கீறான்னு யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது" என்றேன்.

"அப்போ சரி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.